திரும்பத் திரும்பக் கடும் தொற்று வருகிறதா? காம்ப்ளிமென்ட் குறைபாட்டைக் கண்டறிவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளைக்காய்ச்சலிலிருந்து ஒருமுறை பிழைத்து வந்தவருக்கு அதே கிருமியால் மறுபடியும் மூளைக்காய்ச்சல் வந்தால், அதைக் கெட்ட நேரம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. பெரும்பாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைத் தேடிப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட காரணங்களில் ஒன்றுதான் காம்ப்ளிமென்ட் என்ற நோயெதிர்ப்புப் புரதங்களின் குறைபாடு. நோயாளிகளும் குடும்பத்தினரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

காம்ப்ளிமென்ட் என்பது உடலில் என்ன வேலை செய்கிறது?

ரத்தத்தில் மிதக்கும் 30-க்கும் மேற்பட்ட நோயெதிர்ப்புப் புரதங்களின் கூட்டுக்குப் பெயர்தான் காம்ப்ளிமென்ட். இவற்றில் பெரும்பாலானவை கல்லீரலில் உருவாகின்றன. பாக்டீரியாவைக் கரைக்க ஆன்டிபாடி மட்டும் போதாது, சூடுபடுத்தினால் கெட்டுப்போகும் இன்னொரு பொருளும் சீரத்தில் (ரத்தம் உறைந்த பின் பிரியும் நீரில்) இருந்தாக வேண்டும் என்பதை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெல்ஜிய விஞ்ஞானி ஜூல் போர்டே காட்டினார். 1919-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. "சூட்டில் கெட்டுப்போகும்" என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ரிப்போர்ட் வாசிக்கும்போது தேவைப்படும்.

இந்தப் புரதங்களைத் தட்டியெழுப்ப மூன்று பாதைகள் உண்டு. ஆன்டிபாடி ஒட்டிய கிருமியைக் கண்டு தொடங்குவது கிளாசிக்கல் பாதை. கிருமியின் மேலுள்ள சர்க்கரைகளை அடையாளம் கண்டு தொடங்குவது லெக்டின் பாதை. எந்நேரமும் மெல்ல ஓடிக்கொண்டிருந்து, கிருமியின் மேற்பரப்பு கிடைத்ததும் வேகமெடுப்பது ஆல்டர்னேட்டிவ் பாதை. மூன்றும் சி3 என்ற புரதத்தில் வந்து சேர்கின்றன. சி3-யின் துண்டுகள் கிருமியின் மேல் படிந்தால் வெள்ளையணுக்கள் அதை எளிதாக விழுங்கிவிடும். அதன் பிறகு சி5 முதல் சி9 வரையிலான புரதங்கள் ஒன்றுகூடிக் கிருமியின் உறையிலேயே துளை போடும்.

எனக்கு அடிக்கடி சளி, காய்ச்சல், அசதி. இந்தக் குறைபாடாக இருக்குமா?

அநேகமாக இல்லை. காம்ப்ளிமென்ட் குறைபாடு சாதாரணச் சளிக்கோ அசதிக்கோ காரணமாவது அரிது.

அப்படியானால் யாருக்குச் சந்தேகிக்க வேண்டும்?

மூளைக்காய்ச்சலையும் ரத்தத் தொற்றையும் உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் இரண்டாம் முறை நோய் வந்தவருக்குக் கட்டாயம் சோதிக்க வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. முதல் முறையாக இருந்தாலும், ஒய், டபிள்யூ போன்ற அவ்வளவாகக் காணப்படாத வகையால் வந்திருந்தாலோ, குடும்பத்தில் இன்னொருவருக்கும் வந்திருந்தாலோ சோதிப்பது நல்லது. சி5 முதல் சி9 வரையிலான இறுதிக்கட்டப் புரதங்களில் ஒன்று இல்லாதவருக்கு மெனிங்கோகாக்கல் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். அதே இனத்தைச் சேர்ந்த கொனோரியா கிருமி ரத்தத்தில் பரவி, மூட்டுகளையும் தோலையும் திரும்பத் திரும்பத் தாக்கும்போதும் இதே சந்தேகம் எழ வேண்டும்.

நிமோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவால் ரத்தத் தொற்று, நிமோனியா, மூளைக்காய்ச்சல் என்று மாறி மாறி வருகிறது, ஆன்டிபாடி அளவுகளோ சரியாக இருக்கின்றன என்றால் ஒன்றையடுத்து ஒன்றாக வேலை செய்யும் இந்தப் புரதச் சங்கிலியின் முன்பகுதியில், குறிப்பாக சி2, சி3 ஆகியவற்றில், குறை இருக்கலாம். லூபஸ் நோய் (நோயெதிர்ப்பு உடலையே தாக்கும் நோய்) மிக இளம் வயதில் தொடங்கியவர்கள், உடன்பிறந்தவருக்கும் லூபஸ் உள்ளவர்கள், லூபஸோடு தொற்றும் ஓயாமல் வருபவர்கள் ஆகியோரையும் சோதிக்க வேண்டும்.

பிறவிக் குறைபாடு என்கிறீர்கள். எனக்கு முப்பது வயதுவரை ஒன்றுமே இல்லையே?

பெரியவர்களில் இது கண்டறியப்படாமல் விடுபட்டுப்போவதற்கு முக்கியக் காரணமே இந்த எண்ணம்தான். பொதுவாக மெனிங்கோகாக்கல் நோய் சிறு குழந்தைகளைத் தாக்கும். இறுதிக்கட்டப் புரதம் இல்லாதவர்களுக்கோ முதல் தாக்குதல் சராசரியாக 17 வயதை ஒட்டி வருகிறது. அதற்குப் பல ஆண்டுகள் கழித்து வருபவர்களும் உண்டு. கிருமியைச் சந்திக்காதவரை குறைபாடு வெளியே தெரிய வழியில்லை. சி2 இல்லாத பலர் வாழ்நாள் முழுக்க ஆரோக்கியமாகவே இருக்கிறார்கள். பிறவி நோய் என்றால் குழந்தைப் பருவத்திலேயே தெரிந்திருக்கும் என்ற வாதத்தை வைத்து இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இறுதிக்கட்டக் குறைபாடு உள்ளவர்களுக்கு மெனிங்கோகாக்கல் நோய் சற்று மிதமாக வந்து குணமாவதும் உண்டு. "நல்லபடியாகத் தேறிவிட்டார்" என்ற நிம்மதியில் காரணத்தை யாரும் தேடுவதில்லை. ஆல்டர்னேட்டிவ் பாதையைச் சேர்ந்த புரோபெர்டின் என்ற புரதத்தின் குறைபாட்டில் நிலைமை நேர் எதிர். அது எக்ஸ் குரோமோசோம் வழி வருவதால் பெரும்பாலும் ஆண்களையே பாதிக்கும். முதல் தாக்குதலே உயிரைப் பறிக்கும் வேகத்தில் வரக்கூடும். தாய்வழி மாமா சிறு வயதில் ஒரே நாள் காய்ச்சலில் இறந்துபோனார் என்பதுபோன்ற பழைய செய்தி ஏதாவது குடும்பத்தில் இருந்தால் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

சி3, சி4 இரண்டும் நார்மல் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. இனி கவலை இல்லைதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். சி3, சி4 நார்மலாக இருப்பதால் காம்ப்ளிமென்ட் குறைபாடு இல்லை என்று ஆகிவிடாது.

அந்தச் சோதனை இரண்டு புரதங்களின் அளவை மட்டுமே சொல்கிறது. சி2 அறவே இல்லாதவருக்கும் சி3, சி4 நார்மலாக இருக்கும். சி5, சி6, சி7, சி8, சி9, புரோபெர்டின் ஆகியவற்றில் எது இல்லாவிட்டாலும் அப்படித்தான். மூளைக்காய்ச்சல் மீண்டும் மீண்டும் வருவதற்குக் காரணமான குறைபாடுகளில் பெரும்பகுதி அந்த ரிப்போர்ட்டில் தெரியவே தெரியாது. ஆனாலும் "காம்ப்ளிமென்ட் பார்த்தாச்சு, நார்மல்" என்று கோப்பில் எழுதி மூடிவிடுகிறார்கள். பிறகு பார்க்கும் மருத்துவர்களும் அந்த ஒரு வரியை நம்பிவிடுகிறார்கள்.

கேட்க வேண்டியது, மொத்தச் சங்கிலியும் வேலை செய்கிறதா என்று பார்க்கும் செயல்திறன் சோதனை. கிளாசிக்கல் பாதைக்கு சிஎச்50, ஆல்டர்னேட்டிவ் பாதைக்கு ஏஎச்50. இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். சிஎச்50-ஐ மட்டும் செய்தால் புரோபெர்டின் குறைபாடு தப்பிவிடும். சில ஆய்வகங்களில் மூன்று பாதைகளையும் தனித்தனியாக அளக்கும் எலைசா முறையும் இருக்கிறது, அதுவும் நல்லதே.

சிஎச்50 சோதனையை எப்படிச் செய்கிறார்கள்?

ஆன்டிபாடி பூசிய ஆட்டுச் சிவப்பணுக்களை வரிசையாகக் குழாய்களில் எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு குழாயிலும் உங்கள் சீரத்தை வெவ்வேறு அளவுக்கு நீர்த்துச் சேர்த்து, உடல் வெப்பத்தில் வைத்திருந்து, பிறகு சுழற்றுகிறார்கள். காம்ப்ளிமென்ட் வேலை செய்தால் சிவப்பணுக்கள் உடைந்து மேலே நிற்கும் நீர் சிவந்துவிடும். சீரம் குறையக் குறைய நிறம் வெளிறும், அடியில் உடையாத சிவப்பணுக்கள் பொட்டுபோல் படியும். பாதி அணுக்களை உடைக்க எவ்வளவு சீரம் வேண்டியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அந்த 50 என்ற எண் வருகிறது. சங்கிலியில் ஒரு புரதம் அறவே இல்லாதவரின் சீரத்தில், சீரம் அதிகமாக உள்ள முதல் குழாயிலேயே மேலே தெளிந்த நீரும் அடியில் சிவப்புப் பொட்டும்தான் இருக்கும். ஒரு பல்பு போனால் சரம் முழுக்க அணைந்துவிடும் விளக்குச் சரம் மாதிரி, சி1 முதல் சி8 வரை எதில் அறுந்தாலும் பலன் ஒன்றுதான். சி9 மட்டும் விலக்கு. அது இல்லாவிட்டாலும் ஓரளவு உடையும், அதனால் எண் பூஜ்யமாகாமல் பாதியளவில் நிற்கும்.

ஏஎச்50-இல் முயலின் சிவப்பணுக்களைப் பயன்படுத்துவார்கள். கால்சியத்தைக் கட்டிப்போட்டு மற்ற இரு பாதைகளையும் நிறுத்திவிட்டு, ஆல்டர்னேட்டிவ் பாதையை மட்டும் பார்ப்பார்கள்.

இரண்டு முடிவுகளையும் சேர்த்து எப்படி வாசிப்பது?

சிஎச்50 பூஜ்யம், ஏஎச்50 நார்மல் என்றால் குறை சி1, சி4, சி2 ஆகியவற்றில் ஒன்றில். சிஎச்50 நார்மல், ஏஎச்50 பூஜ்யம் அல்லது மிகக் குறைவு என்றால் புரோபெர்டின், ஃபேக்டர் பி, ஃபேக்டர் டி ஆகியவற்றில் ஒன்று. இரண்டுமே பூஜ்யம் என்றால் இரு பாதைகளுக்கும் பொதுவான பகுதி, அதாவது சி3 அல்லது சி5 முதல் சி8 வரை. இரண்டும் குறைந்து, சி3 அளவும் அடிமட்டத்துக்கு வந்திருந்தால் சி3 பிறவியிலேயே இல்லாமல் இருக்கலாம். அல்லது அதைக் கட்டுக்குள் வைக்கும் ஃபேக்டர் எச், ஃபேக்டர் ஐ இல்லாததால் சி3 வீணாகச் செலவழிந்துகொண்டிருக்கலாம்.

இப்படி வட்டத்தைச் சுருக்கிய பிறகுதான் சந்தேகத்துக்குரிய புரதங்களை ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். அளவு மட்டும் போதாது. சிலருக்குப் புரதம் போதுமான அளவு இருந்தும் வேலை செய்யாது. அதனால் செயல்திறனையும் பார்த்தாக வேண்டும்.

என் சிஎச்50 பூஜ்யம் என்று வந்திருக்கிறது. குறைபாடு உறுதியாகிவிட்டதா?

இல்லை. முதலில் கேட்க வேண்டியது, ரத்த மாதிரி எப்படிக் கையாளப்பட்டது என்பதுதான்.

காம்ப்ளிமென்ட் சூட்டில் கெடும் என்று மேலே பார்த்தோம். 56 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் செயல் முழுவதுமாகப் போய்விடும். அறை வெப்பத்தில்கூட மணிக்கணக்கில் கிடந்தால் செயல் குறைந்துகொண்டே வரும். ரத்தம் உறைந்ததும் சீரத்தைத் தாமதமின்றிப் பிரித்து, உடனே மைனஸ் 70 டிகிரியிலோ அதற்குக் கீழோ உறைய வைக்க வேண்டும். வேறு ஊருக்கு அனுப்புவதானால் உலர்பனியில் அனுப்ப வேண்டும். வழியில் ஒருமுறை உருகி மறுபடி உறைந்தாலே முடிவு சந்தேகத்துக்குரியது. காலையில் எடுத்த மாதிரி மாலைவரை கூரியர் பெட்டியில் கிடந்து, ஆய்வகத்துக்குப் போனபோது சிஎச்50 பூஜ்யமாகியிருந்தால், அந்த எண் உங்கள் உடலைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

மாதிரி கெட்டுப்போனால் வழக்கமாக சிஎச்50, ஏஎச்50 இரண்டும் சேர்ந்து விழும், சி3, சி4 அளவுகள் பெரிதாக மாறாது. இறுதிக்கட்டப் புரதம் ஒன்று நிஜமாகவே இல்லாதபோதும் ரிப்போர்ட் இதேபோல்தான் இருக்கும். அதனால் காகிதத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. புதிதாக ரத்தம் எடுத்து, சரியாகக் கையாண்டு, திரும்பச் செய்வதுதான் ஒரே வழி. கூடுமானால் சோதனை நடக்கும் ஆய்வகத்துக்கே நேரில் போய் ரத்தம் கொடுங்கள்.

ஹெபடைட்டிஸ் சி உள்ள சிலருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சீரத்தைக் குளிரில் வைத்தாலே காம்ப்ளிமென்ட் தானாகத் தூண்டப்பட்டுத் தீர்ந்துபோகும். அவர்களுக்கு இடிடிஏ பிளாஸ்மாவை (உறையாமலிருக்க இடிடிஏ என்ற ரசாயனம் சேர்த்த ரத்தத்திலிருந்து பிரித்த நீரை) ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

எப்போது சோதிப்பது சரி? தொற்று இருக்கும்போதா, தேறிய பிறகா?

தேறிச் சில வாரங்கள் கழித்து. கடும் செப்சிஸில் (தொற்றால் உடல் முழுக்கப் பாதிக்கப்படும் நிலையில்) காம்ப்ளிமென்ட் செலவழிந்து போவதால் ஐசியூவில் எடுத்த மாதிரியில் குறைவாக வரலாம். எதிர்த்திசையிலும் ஏமாற்றும்: சி3, சி4 போன்றவை அழற்சியின்போது கூடுதலாக உற்பத்தியாவதால் லேசான குறைவு மறைந்துவிடும். படுக்கையில் இருக்கும்போதே சோதித்திருந்தால் தவறில்லை. ஆனால் அதை முதல் குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, நலமானதும் மீண்டும் சோதிக்க வேண்டும். கர்ப்ப காலத்திலும் அளவுகள் உயரும்.

பிறவியில் இல்லாததா, வேறு நோயால் குறைந்ததா என்று எப்படிப் பிரிப்பது?

பெரியவர்களில் காம்ப்ளிமென்ட் குறைவதற்குப் பிறவிக் காரணத்தைவிட வேறு நோய்களே அதிகம் காரணமாகின்றன. லூபஸ் தீவிரமாக இருக்கும்போது சி3, சி4 இரண்டும் குறையும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்குப் பிறகு வரும் சிறுநீரக அழற்சியில் சி3 குறைந்து, சி4 பெரும்பாலும் நார்மலாக இருக்கும், சில வாரங்களில் சி3-யும் மீண்டுவிடும். மீளாவிட்டால் வேறு சிறுநீரக நோயைத் தேட வேண்டும். கிரையோகுளோபுலின் நோயில் (குளிரில் திரளும் ஆன்டிபாடிகள் ரத்தத்தில் சேரும் நோயில்) சி4 மட்டும் மிகவும் விழும். கல்லீரல் சுருக்க நோயில் உற்பத்தியே குறைகிறது. இதய வால்வுத் தொற்றிலும் குறையலாம்.

பொதுவான விதி இதுதான்: வேறு நோயால் என்றால் பல புரதங்கள் ஓரளவு குறையும், காலப்போக்கில் ஏறி இறங்கும். பிறவியில் என்றால் ஒரே ஒரு புரதம் அறவே இருக்காது, எத்தனை முறை சோதித்தாலும் அது மாறாது.

மருந்துகளையும் கேட்டு அறிய வேண்டும். எகுலிசுமாப், ராவுலிசுமாப் ஆகியவை சி5-ஐ வேண்டுமென்றே அடைக்கும் மருந்துகள். அவற்றை எடுப்பவருக்கு சிஎச்50 விழுவது எதிர்பார்த்ததே. மெனிங்கோகாக்கல் ஆபத்தும் பிறவிக் குறைபாட்டுக்கு நிகராகவே இருக்கும்.

சி4 மட்டும் கொஞ்சம் குறைவு. இதுதான் காரணமா?

தனியாகப் பார்த்தால் அநேகமாக இல்லை. சி4-க்கு சி4ஏ, சி4பி என இரண்டு மரபணுக்கள் உண்டு. அவற்றின் பிரதிகள் ஆளுக்கு ஆள் கூடியும் குறைந்தும் இருக்கும், அதனால் லேசான குறைவு ஆரோக்கியமானவர்களிடமும் சகஜம். ஆனால் அரிப்போ தடிப்போ இல்லாமல் முகம், உதடு, கை கால் வீங்குவது, திடீர் திடீரெனக் கடும் வயிற்றுவலி வருவது ஆகியவற்றோடு சி4 குறைந்திருந்தால், சி1 தடுப்பானின் (சி1-ஐக் கட்டுக்குள் வைக்கும் புரதத்தின்) அளவையும் செயல்திறனையும் பார்க்க வேண்டும். நடுத்தர வயதுக்குப் பிறகு முதன்முறையாக அப்படி வீங்கினால் சி1-இன் ஒரு பகுதியான சி1க்யூவும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் குறைந்திருந்தால் ரத்த அணுக்களின் நோய் ஏதாவது பின்னணியில் இருக்கலாம்.

எம்பிஎல் குறைவு என்று வந்திருக்கிறதே?

லெக்டின் பாதையின் அந்தப் புரதம் குறைந்தவர்கள் மக்கள் தொகையில் நிறையப் பேர், பெரும்பாலோர் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறார்கள். ஆரோக்கியமான ஒரு பெரியவருக்கு வரும் கடும் தொற்றுக்கு அதை மட்டும் காரணமாக்கித் தேடலை நிறுத்திவிட வேண்டாம்.

நேராக மரபணுச் சோதனைக்கே போய்விடலாமா?

செயல்திறன் சோதனைதான் முதலில். மரபணு முடிவுகளில் "பொருள் உறுதியற்ற மாற்றம்" (நோய்க்குக் காரணமா இல்லையா என்று தெரியாதது) என்று ஏதாவது ஒன்று வருவது வழக்கம். சிஎச்50 கையில் இல்லாமல் அதற்கு அர்த்தம் சொல்ல முடியாது. சி4 மரபணுக்களின் பிரதி எண்ணிக்கையையும் சாதாரண மரபணுப் பேனல் தவறவிடலாம். குறைபாடு எந்தப் புரதத்தில் என்று தெரிந்த பிறகு மரபணுவைப் பார்த்தால் உறுதி கிடைக்கும், குடும்பத்தினரைச் சோதிப்பதும் எளிதாகும்.

குடும்பத்தில் யாரைச் சோதிக்க வேண்டும்?

முதலில் உடன்பிறந்தவர்களை. பெரும்பாலான குறைபாடுகளுக்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வர வேண்டும். அதனால் உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் 25 சதவீத வாய்ப்பு உண்டு. நெருங்கிய உறவில் திருமணம் நடந்த குடும்பம் என்றால் வட்டத்தைச் சற்று விரிவாக்கலாம். நோய் வராதவரையும் சோதியுங்கள். தாக்குதல் வருவதற்கு முன்பே தடுப்பூசி போட முடிவது அவருக்குத்தான்.

தொற்றுக்கும் லூபஸுக்கும் என்ன தொடர்பு?

இறந்த செல்களின் குப்பையையும் ஆன்டிபாடிக் கட்டிகளையும் அப்புறப்படுத்துவது சி1க்யூ, சி4, சி2 ஆகியவற்றின் இன்னொரு வேலை. அது நின்றுபோனால் உடல் தன்னையே தாக்கத் தொடங்குகிறது. சி1க்யூ அறவே இல்லாதவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லூபஸோ அதைப் போன்ற நோயோ வருகிறது, சி2 இல்லாதவர்களில் சிறு பகுதியினருக்கு வருகிறது. ஒரு நடைமுறைக் குறிப்பு: லூபஸ் அடங்கிய பிறகும் சிஎச்50 பூஜ்யத்திலேயே நின்றால் அதை லூபஸின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

எல்லாச் சோதனையும் சரியாகவே இருக்கிறது. ஆனாலும் தொற்று வருகிறதே?

அப்படியானால் தேடும் இடத்தை மாற்ற வேண்டும். இம்யூனோகுளோபுலின் (ஆன்டிபாடி) அளவுகள், தடுப்பூசிக்கு ஆன்டிபாடி உருவாகிறதா என்ற சோதனை, எச்ஐவி, மண்ணீரல் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். ரத்தப் பூச்சில் சிவப்பணுக்களுக்குள் ஹோவெல்-ஜாலி துகள்கள் தெரிந்தால் மண்ணீரல் வேலை செய்யவில்லை என்று பொருள். நிமோகாக்கல் மூளைக்காய்ச்சல் திரும்ப வந்தால் மண்டையோட்டின் அடித்தளத்தில் கசிவு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். குனியும்போது ஒரு மூக்கில் மட்டும் தண்ணீர்போல் சொட்டுகிறதா, பழைய தலைக்காயம் உண்டா என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். அந்த நீரில் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் இருந்தால் அது மூளைத் தண்டுவட நீர்தான்.

இல்லாத புரதத்தைக் கொடுக்க முடியாது என்றால் கண்டுபிடித்து என்ன பயன்?

பயன் பெரிது. நான்கு வகை மெனிங்கோகாக்கஸுக்கான ஏ, சி, டபிள்யூ, ஒய் தடுப்பூசி, பி வகைக்கான தனித் தடுப்பூசி, நிமோகாக்கஸ், எச். இன்ஃப்ளுயன்சா பி தடுப்பூசிகள் ஆகியவை போட வேண்டும். ஆபத்து வாழ்நாள் முழுக்க இருப்பதால் ஏசிடபிள்யூஒய் ஊசியை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பப் போடச் சொல்கிறார்கள், பி வகைக்கும் மறுஊசி உண்டு. கிருமியில் துளை போடும் புரதம் இல்லாதபோது தடுப்பூசியால் என்ன லாபம் என்று சிலர் கேட்பார்கள். ஆன்டிபாடி ஒட்டிய கிருமியை வெள்ளையணுக்கள் விழுங்கும் வழி அவர்களிடம் அப்படியே இருக்கிறது, தடுப்பூசி அந்த வழியை வலுப்படுத்துகிறது. திரும்பத் திரும்ப நோய் வந்தவர்களுக்குத் தினசரி பென்சிலினும் பரிசீலிக்கப்படும். சி1க்யூ பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் செல்களில் உருவாவதால், அந்த ஒரு குறைபாட்டில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கும் இடம் உண்டு.

தடுப்பூசி போட்டாயிற்று. இனி காய்ச்சல் வந்தால்?

தடுப்பூசிக்குப் பிறகும் நோய் வரலாம். காய்ச்சலோடு குளிர்நடுக்கம், கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள், மனக் குழப்பம் ஆகியவற்றில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். புள்ளிகள் வந்தபின் போகலாம் என்றும் இருக்க வேண்டாம், அவை தாமதமாகவும் வரும். "காம்ப்ளிமென்ட் குறைபாடு, மெனிங்கோகாக்கல் ஆபத்து, ஆன்டிபயாட்டிக்கைத் தாமதிக்க வேண்டாம்" என்று எழுதிய அட்டையைப் பர்ஸிலும், அதன் படத்தைக் கைப்பேசியிலும் வைத்திருங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது என்ன கொண்டுபோவது?

டிஸ்சார்ஜ் சுருக்கத்தைவிடப் பழைய கல்ச்சர் (கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனை) ரிப்போர்ட்டுகள் முக்கியம். எந்தக் கிருமி, எந்த வகை, எந்தத் தேதி என்பதை வைத்துத்தான் எங்கே தேடுவது என்று முடிவாகும். ரிப்போர்ட் தொலைந்திருந்தால் அப்போது சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் நகல் கேளுங்கள். போட்ட தடுப்பூசிகள், எடுக்கும் மருந்துகள், குடும்பத்தில் இளவயதில் தொற்றால் இறந்தவர்கள் ஆகிய விவரங்களை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரத்தம் கொடுக்கும் முன் ஆய்வகத்தில், மாதிரியைப் பிரித்து உறையவைக்க எவ்வளவு நேரமாகும், சோதனை அங்கேயே நடக்கிறதா, வெளியே அனுப்பினால் உலர்பனியில் அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் வேறு ஆய்வகத்தில் ரத்தம் கொடுங்கள்.